ஸ்பேர் மாப்பிள்ளை

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்தவன் என்ற முறையில் உங்களுக்கு என்றைக்கும் மரியாதை செலுத்தக் கட்டுப்பட்டவனும், தற்சமயம் பிரசவ ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வராந்தாவில் கால் ஆடும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுமாகிய உங்கள் சம்பந்தி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமில்லை. அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருந்தால் சந்தோஷம். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போன் என்கிற சாமானை இனிமேல் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன், காரணம் கீழே வரும். அதுவுமில்லாமல், போனில் பேசினால் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் நாலு சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருமகள் உள்ளே பிரசவ அறையில் இருக்கிறாள். தனியாக இருக்கிறாள். என் மனைவி துணி வாங்கக் கடைக்கு ஓடியிருக்கிறாள், அந்தக் கதையும் கீழே வரும். நான் உள்ளே போகப் பார்த்தேன். "புருஷனைத் தவிர வேற ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது" என்று நர்சம்மா கதவைச் சாத்திவிட்டார். சரி, புருஷன் எங்கே என்று நீங்களே கேளுங்கள். உங்கள் மகன் ஆகாயத்தில் இருக்கிறார். எந்த ஊருக்கு மேலே என்று எனக்குத் தெரியாது. என் மகள் இந்தப் பத்து மாதத்தில் இதுதான் வேண்டும் அதுதான் வேண்டும் என்று யாரையும் படுத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த நேரத்துல அவர் பக்கத்துல இருந்தா போதும்." அந்த ஒன்றுதான் நடக்கவில்லை. அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

சம்பந்தம் பேசிய அன்று எங்கள் வீட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு "பையன் பிளேன் ஓட்டறான்" என்று நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. காபியை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவன். எந்த வண்டி எப்போது கிளம்பும், எப்போது திரும்பும், டிரைவர் யார், கண்டக்டர் யார் என்று சார்ட்டு போட்டே தலை நரைத்தவன். எனக்குத் தெரிந்து வண்டி ஓட்டுகிறவன் ஒன்று வண்டியில் இருப்பான், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பான். இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஒரு நிலைமை உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிளேன் என்றால் கொஞ்சம் பெரிய பஸ், ரோட்டில் பள்ளம் இருக்காது, நடுவழியில் கைகாட்டி ஏறுகிறவர்கள் தொல்லை கிடையாது, அவ்வளவுதானே என்று நினைத்துப் பெண்ணைக் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் பிரசவத்துக்கு ஒத்தாசையாக நானும் மனைவியும் இங்கே வந்து இறங்கினோம். வேலை நாள். காலை பத்து மணி. கதவைத் திறந்தது உங்கள் மகன். அரைக்கால் சட்டை, பனியன். முகம் மட்டும் இப்போதுதான் சவரம் செய்தது போல் பளபளவென்று இருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன மாப்பிள்ளை, லீவா?" என்றேன். "இல்ல மாமா, டியூட்டில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு சோபாவில் உட்கார்ந்து பட்டாணி உரிக்க ஆரம்பித்தார். டியூட்டியில் இருக்கிற ஆள் பட்டாணி உரிப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுநாளும் டியூட்டி என்றார், பரணைச் சுத்தம் செய்தார். அதற்கு மறுநாளும் டியூட்டி என்றார், யூனிஃபாரம் கால்சட்டையும் மேலே பனியனுமாக உட்கார்ந்து என் மனைவியோடு டிவி பார்த்தார். சம்பந்தி, எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது, நிறைமாதப் பெண்ணிடம் சொல்லத் தைரியமில்லாமல் மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். அதற்கேற்ற மாதிரிதான் எல்லாமே நடந்தது. வாசல் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி எந்நேரமும் தயாராக நிற்கிறது. ஷூவைத் துடைத்துத் துடைத்து அதன் பக்கத்தில் வைக்கிறார், எங்கேயும் போவதில்லை. போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குளிக்கிற அறைக்குள் கொண்டுபோகிறார். சாப்பிடும்போது தட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் போன். அது அடித்தால் துள்ளி எழுகிறார். எடுத்துப் பார்த்தால் எவனோ மெத்தை விற்கிறவன். "பாவம், வேலை போன துக்கத்துல மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு போல" என்று என் மனைவி அடுக்களையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவருக்கு மட்டும் சாப்பாட்டில் நெய் ஜாஸ்தி.

சரி, மனம் விட்டுப் பேசட்டும் என்று ஒரு நாள் சாயங்காலம் நடக்கக் கூப்பிட்டேன். கடைத்தெரு தாண்டி, பார்க் தாண்டிப் பேசிக்கொண்டே போனோம். பாலம் வந்தது. பாலத்தின் இந்த முனையில் டக்கென்று நின்றுவிட்டார். "மாமா, இதுக்கு மேல நான் வர முடியாது."

"ஏன், பாலம் பலமா இல்லையா?"

"பாலம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் தாண்டக் கூடாது."

கடல் தாண்டி மலை தாண்டிப் பறக்கிறவர் என்று நீங்கள் சொன்ன ஆளுக்கு ஒரு வாய்க்கால் பாலத்தைத் தாண்ட அனுமதி இல்லையாம்! அந்தக் கரையில் யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று என் புத்தி போனது, மன்னிக்க வேண்டும். மறுநாள் நான் மட்டும் தனியாகப் போய் அந்தக் கரையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு டயர் கடையும் ஒரு பல் டாக்டரும்தான் இருந்தார்கள். பல் டாக்டரும் தாத்தா.

அதற்கு மேல் தாங்க முடியாமல் மகளிடம் போட்டு உடைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்கு அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆகிவிடுமோ என்று பயமாகிவிட்டது. "ஐயோ அப்பா, அவருக்கு இந்த மாசம் முழுக்க ஸ்டாண்ட்பை. எந்த பைலட்டுக்காவது உடம்பு சரியில்லன்னா, வர முடியலன்னா, இவரைக் கூப்பிடுவாங்க. கூப்பிட்டா ஒரு மணி நேரத்துல ஏர்போர்ட்ல நிக்கணும். பாலத்தைத் தாண்டிட்டா டிராஃபிக்ல மாட்டிப்பார், அதான்." நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பிறகு கேட்டேன். "அப்போ ஸ்பேரா?" "அப்படியும் சொல்லலாம்" என்றாள். வேலை போயிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது. சம்பந்தி, டிப்போவில் ஸ்பேர் டிரைவர் என்றால் யார் தெரியுமா? நேற்றுச் சேர்ந்தவன், மேனேஜரிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவன், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேண்டீன் சுவரை இடித்தவன், இவர்கள்தான் ஸ்பேர். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை வரி விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். உங்கள் மகன் எந்தச் சுவரை இடித்தார்? அதுவும் கேப்டன் வேறு ஒருவராம், இவர் பக்கத்து சீட்டாம், அதிலும் ஸ்பேராம். "பிளேன் ஓட்டறான்" என்றீர்களே, "கூப்பிட்டா ஓட்டுவான்" என்று ஒரு வார்த்தை அன்றைக்குச் சொன்னீர்களா? இது நியாயமா?

ஸ்பேர் என்று தெரிந்த பிறகாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. எந்நேரமும் கூப்பிடலாம் என்பதால் அவர் எந்நேரமும் தூங்கி எழுந்தவராக இருக்க வேண்டுமாம். அதனால் நட்டநடுப் பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறார், வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எதையும் ஒழுங்குக்குக் கொண்டுவருகிற பழக்கம் எனக்கு உண்டாகையால் நான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றினேன். எங்கள் மூன்று பேர் போனையும் சத்தமில்லாமல் ஆக்கினேன். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் என் மனைவி ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிடுவாள். இந்த வீட்டில் நாங்கள் ஒழுங்காக வெந்த பருப்பைத் தின்று பல நாள் ஆகிறது. மேல்வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், சுவரில் ஓட்டை போடுவதே அவருக்குப் பொழுதுபோக்கு. மாப்பிள்ளை கண்ணயர்ந்த நேரம் பார்த்து டிரில்லை எடுப்பார். நான் மாடி ஏறிப் போய் அவரோடு சண்டை போட்டேன். அந்தச் சண்டையையும் கிசுகிசுவென்று போட வேண்டியிருந்தது. "ஏங்க, தொண்டை கட்டியிருக்கா?" என்று அவர் எனக்கு வெந்நீர் கொடுத்தார். எனக்கு மானமே போய்விட்டது.

இப்போது போன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாள் முன்னால் காலையில் உங்கள் மகன் குளிக்கப் போனார். அன்றைக்கென்று பார்த்து அந்தப் பிளாஸ்டிக் உறை கிழிந்துவிட்டதால், "மாமா, இது அடிச்சா கதவைத் தட்டுங்க" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடித்தது. மாப்பிள்ளை சோப்பும் நுரையுமாக இருக்கிற நேரத்தில் ஏன் தட்ட வேண்டும், நாமே மரியாதையாகப் பேசி விவரம் வாங்கி வைப்போம் என்று எடுத்தேன். டியூட்டி ஆபீசிலிருந்து ஒரு அம்மா, நல்ல குரல். நான் மாமனார் என்றேன். "அப்படிங்களா சார், வணக்கம். சார் எழுந்துட்டாரா? ராத்திரி நல்லா ரெஸ்ட் எடுத்தாரா?" என்று சாதாரணமாகக் கேட்டார். ஆபீசிலிருந்து இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தொழிலாளி தூங்கினான் என்று ஆபீசுக்கு ஒருக்காலும் தெரியக் கூடாது. "ரெஸ்டா? என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! எங்க மாப்பிள்ளை ராத்திரி பகல் கண்ணை மூடறதே கிடையாது. டியூட்டி டியூட்டின்னு முழிச்சுக்கிட்டே இருக்காரு" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்படிங்களா சார். சொன்னதுக்கு ரொம்ப நன்றி" என்று வைத்துவிட்டார். அடடா, மாப்பிள்ளைக்குக் கேப்டன் சீட்டே வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் காதில் சோப்போடு வெளியே வந்தார். மறுபடி போன் அடித்தது. அவரே எடுத்தார். கேட்கக் கேட்க முகம் வெளுத்தது. வைத்துவிட்டு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "மாமா, தூங்காத பைலட்டை அவங்க ஓட்ட விட மாட்டாங்க. ரூல் அப்படி. என்னை அந்த ட்ரிப்ல இருந்து எடுத்துட்டாங்க." போனால் போகட்டும், ஒரு ட்ரிப்தானே என்றேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஒரு ட்ரிப்பைப் போய்விட்டு வந்திருந்தால் அதற்குப் பிறகு அவருக்குக் கட்டாய ஓய்வாம், அந்த ஓய்வு முடிகிற இடத்தில் பிரசவ லீவு ஆரம்பமாம், நடுவில் யாரும் கூப்பிட முடியாதாம். இப்போது அன்றைக்கு ஒரு நாள் "நல்லாத் தூங்குங்க" என்று விட்டுவிட்டு, மறுநாளிலிருந்து லீவு தொடங்கும் வரைக்கும் மறுபடி ஸ்பேர். உங்கள் மகன் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். என் மகளும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதில் என் தப்பு என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். தூங்கினால்தான் சம்பளம் என்று ஒரு வேலை உலகத்தில் இருப்பதாக நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அவர் குறட்டையைக்கூட அந்த அம்மாவுக்குக் கேட்கவிட்டிருப்பேனே!

இன்றைக்குக் காலையில் நடந்ததைக் கேளுங்கள். வாசல் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி என்றேன் அல்லவா, அதே மாதிரி இன்னொன்றை உங்கள் மகன் என் மகளுக்கும் வாங்கிக் கொடுத்திருந்தார். அது ஆஸ்பத்திரிப் பெட்டி. குழந்தைத் துணி, இவளுக்கு மாற்றுத் துணி எல்லாம் அதில். கதவு திறக்கிற இடது பக்கம் அவர் பெட்டி, கீல் இருக்கிற வலது பக்கம் இவள் பெட்டி. நேற்று நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மனசு கேட்கவில்லை. டிப்போவில் எந்த வண்டி முதலில் கிளம்புமோ அதைத்தான் கேட் பக்கம் நிறுத்துவோம். எது முதலில் கிளம்பும் என்று யோசித்தேன், ஆஸ்பத்திரிப் பெட்டிதான் என்று தோன்றியது, இடம் மாற்றி வைத்தேன். அவர் பெட்டியில் ஒரு பட்டை தொங்கும், கம்பெனிப் பெயர் போட்டது, அதைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அது அழுக்காயிருக்கிறது என்று என் மனைவி கழற்றித் துவைத்துப் பால்கனியில் காயப்போட்டிருந்தாள். நல்லதுதானே செய்தாள்? காலையில் போன் அடித்தது. அவர் யூனிஃபாரம் மாட்டி, தோள்பையைத் தூக்கி, மகளின் தலையைத் தடவி, "சாயங்காலம் வந்துடுவேன், அதுவரைக்கும் பொறுத்துக்கோ" என்று வயிற்றைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இடது பக்கம் கையை நீட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான்தான் வாசல் வரைக்கும் போய்க் கைகாட்டினேன்.

அவர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேல்வீட்டுக்காரர்தான் சத்தம் கேட்டு இறங்கி வந்து டாக்சி பிடித்துக் கொடுத்தார். மிச்சமிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தோம். நர்சம்மா வராந்தாவிலேயே பெட்டியை நாற்காலி மேல் வைத்துத் திறந்தார். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை. அதற்குக் கீழே ஷூ பாலிஷ். அதற்குக் கீழே ஒரு டார்ச் லைட். அதற்கும் கீழே ரோடு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற மாதிரி கண்ணைப் பறிக்கிற மஞ்சள் மேல்சட்டை. நர்சம்மா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்ன சார், குழந்தை பொறந்த உடனே வேலைக்குக் கிளம்புதா?" என்றார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் திருதிருவென்று விழித்தேன். உள்ளேயிருந்து மகள், "அப்பா, அவருக்குப் போன் பண்ணீங்களா?" என்று கத்தினாள். ஆகாயத்தில் இருக்கிறவருக்கு எப்படிப் போன் பண்ணுவது? நான் எந்த முகத்தோடு பண்ணுவது? என் மனைவி கடைக்கு ஓடினாள், நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், என் தோள்பையில் இருந்த எழுதுகிற பேடை எடுத்தேன், எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆஸ்பத்திரியிலும் ஒழுங்கு என்பது கிடையாது. இப்போதுதான், மேலே இருக்கிற வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு செக்யூரிட்டி ஆள் முகத்தில் மாஸ்க்கும் கையில் பெட்டியுமாகத் தடதடவென்று ஓடினான். எழுதுகிற கண்ணாடியைப் போட்டிருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. "ஏம்ப்பா, ஆஸ்பத்திரில இப்படியா ஓடறது? மெதுவாப் போ!" என்று அதட்டினேன். "சரி மாமா" என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக ஓடினான். முன்பின் தெரியாத ஒரு செக்யூரிட்டி என்னை மாமா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறான், சொன்ன பேச்சை மட்டும் கேட்பதில்லை. காலம் இப்படி இருக்கிறது.

ஆகவே சம்பந்தி அவர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். இந்த ஸ்பேர் உத்தியோகம் என் மகளுக்கு ஒத்துவராது. பெற்ற தகப்பன் என்ற முறையில் நீங்கள் உங்கள் மகனுக்கு எடுத்துச் சொல்லி, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற, தரையில் ஓடுகிற வேலை ஏதாவது பார்த்துக்கொள்ளச் செய்ய வேண்டும். டிப்போவில் எனக்கு இன்னும் நாலு பேரைத் தெரியும். பிளேன் ஓட்டினவருக்குப் பஸ் என்ன பெரிய கஷ்டம், திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் பார்த்து ஓட்டினால் போதும். இந்தக் கடிதம் கண்ட உடனே பதில் எழுதவும். எனக்கு இப்போது பயமாக இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கதவுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்கிறது, பக்கத்தில் யாரும் இல்லையே என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு நல்ல ஆரோக்கியமும், சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து நிம்மதியும், உங்கள் மகனுக்கு நல்ல புத்தியும் உண்டாகட்டும்.

என்றும் மரியாதை குறையாத, ஆனால் இன்றைக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிற,
உங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே எழுதியது எல்லாம் ரத்து. கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் இவ்வளவு தாளை வீணாக்க மனசு வரவில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். நீங்கள் பி.கு.வை மட்டும் படிக்கவும். நேற்று கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தேன், நர்சம்மா கதவைத் திறந்து, "பெண் குழந்தை சார். அப்பா கையில இருக்கு" என்றார். "எந்த அப்பா?" என்றேன். "ஏன் சார், எத்தனை அப்பா வேணும்?" என்றார். எட்டிப் பார்த்தேன். அந்தச் செக்யூரிட்டி நின்றுகொண்டிருந்தான். மன்னிக்கவும், நின்றுகொண்டிருந்தார். என் மாப்பிள்ளை! மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, கையில் துணிச்சுருளோடு அழுதுகொண்டிருந்தார். என் மகள் என்னைப் பார்த்து, "அப்பா, அவர் வந்துட்டார்" என்று எனக்கே தகவல் சொன்னாள். அவர் ஆகாயத்தில் இருக்கிறார் என்று நான் இங்கே பொரிந்து தள்ளிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, வராந்தாவிலேயே அழுதேன்.

நடந்தது என்னவென்றால், ஏர்போர்ட்டில் சோதனைக்காரர்கள் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். திறந்தால் குட்டிச் சட்டை, குட்டித் தொப்பி, குட்டி உறை. கூட வந்த கேப்டன் சிரித்திருக்கிறார். மாப்பிள்ளை பெட்டி மாறின விஷயத்தைச் சொல்ல வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். என் போன், என் மனைவி போன், மகள் போன், ஒன்றையும் யாரும் எடுக்கவில்லை. மூன்றையும் ஊமையாக்கியவன் நான்தானே. அவர் முகம் போன போக்கைப் பார்த்த கேப்டன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "தம்பி, இந்த மனசோட நீ இன்னிக்கு ஓட்டக் கூடாது. நான் ஆபீஸ்ல பேசறேன்" என்றிருக்கிறார். தூங்காதவருக்கு மட்டும் இல்லை, மனசு இடத்தில் இல்லாதவருக்கும் அதே ரூலாம். உடனே இன்னொரு ஸ்பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஸ்பேருக்கும் ஸ்பேர் உண்டு, சம்பந்தி! அந்த மனுஷர் தன் மகளின் பள்ளிக்கூட நாடகத்துக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். அந்தக் குழந்தை மரமாக நடிக்கிறதாம். மரம் மேடைக்கு வருவதற்கு முன்னாலேயே போன் வந்துவிட்டது, எழுந்து வந்துவிட்டார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லையாம், "பெட்டியைச் சரியா எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாராம். அவர் அதைப் பார்க்காமல் வந்ததால்தான் என் மாப்பிள்ளை இதைப் பார்த்தார். ஸ்பேர் என்று நான் மேலே எழுதிய பத்தியை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடி வந்தபோது பூட்டியிருந்திருக்கிறது. அந்த டிரில்காரர்தான் விவரம் சொல்லி, தன் ஸ்கூட்டரிலேயே இங்கே கொண்டுவந்து விட்டாராம். இனி அவர் எந்தச் சுவரில் வேண்டுமானாலும் ஓட்டை போடட்டும்.

இதைத் தபாலில் போடுவதற்குள் இன்று காலை இன்னொன்றும் நடந்தது. குழந்தை மாப்பிள்ளையின் மார்பில் தூங்குகிறது, அவரும் அப்படியே கட்டிலில் சாய்ந்து நன்றாகத் தூங்குகிறார், குறட்டைகூட வந்தது. அவர் போன் என் பக்கத்தில் அடித்தது. தொடுவதில்லை என்ற முடிவும் ரத்து, எடுத்தேன். அதே அம்மா, அதே குரல். லீவு நாளை மறுநாள்தானே தொடங்குகிறது, நாளைக்கு ஒரு ட்ரிப்புக்கு ஆள் குறைகிறதாம். "சார் நல்லா ரெஸ்ட் எடுத்தாரா?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்தேன், குழந்தையைப் பார்த்தேன், மகளைப் பார்த்தேன். அவள் கண் திறந்துதான் இருந்தது. தொண்டையைச் சரி செய்துகொண்டு, "ரெஸ்டா? என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! எங்க மாப்பிள்ளை ராத்திரி பகல் கண்ணை மூடறதே கிடையாது" என்றேன். அந்தப் பக்கம் மறுபடி எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மா சிரித்துவிட்டார். "புரியுது சார். நாளைக்கு வேற ஆள் பாத்துக்கறேன். குழந்தை யார் ஜாடை?" என்றார். என் ஜாடை என்றேன்.

கடைசியாக ஒன்று. நீங்கள் உடனே கிளம்பி வந்துவிட வேண்டாம், வீடு சின்னது, இப்போது இன்னொரு ஆளும் சேர்ந்துவிட்டாள். இங்கே நான் டியூட்டித் தாத்தா. நீங்கள் ஸ்பேர். இதைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள், எவ்வளவு பெரிய பொறுப்பு என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. தினமும் காலையில் சவரம் செய்துகொள்ளுங்கள், பெட்டியை வாசல் பக்கம் வையுங்கள், குளிக்கப் போனாலும் போனைக் கூடவே கொண்டுபோங்கள். நான் அசந்தால் கூப்பிடுவார்கள். அதுவரைக்கும் பாலம் எதையும் தாண்டிவிடாதீர்கள்.